வரிசை நகர்ந்தால் கனவு

கனவுக்குள் இருக்கிறோமா என்று தெரிய
விரல்களை எண்ணிப் பார்க்கச் சொல்கிறார்கள்.
எனக்கு அது சரிப்படாது.
இடக்கையில் எப்போதுமே நாலரை.
மிச்ச அரையைக் கன்டெய்னர் லாக் தின்றுவிட்டது.

சுவிட்சைத் தட்டிப் பார் என்பார்கள்,
விளக்கு எரியாவிட்டால் கனவாம்.
அப்படியானால் கொடுங்கையூரில் நாங்கள்
சித்திரை, வைகாசி முழுக்கக் கனவில்தான் குடியிருந்தோம்.

ஆகவே என் சோதனைகள் வேறு.
முதலில் மூச்சை இழுப்பேன்.
மணலி வாடை ஏறவில்லையென்றால்
பாதி நிச்சயம்.
பிறகு கண்ணாடி வழியே முன்னால் பார்ப்பேன்.
எண்ணூர் சாலையில் ட்ரெய்லர் வரிசை
நகர்ந்துகொண்டிருந்தால்
முழு நிச்சயம்.

அப்புறம்தான் இறங்குவேன்,
தோளில் பாஸ் கிடாரோடு.

எனக்கு முன்னால் நிற்கும் வண்டியில் சுமை இருக்காது.
நாற்பதடி வெறும் பலகை.
அதன்மேல் ரஸ்ட் கார்டினல்ஸ்.
நான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன
டிரம்மர் ஹாப் கீனி
தூண்டில் வளையம்போல் சிகரெட்டை வளைத்துப் பிடித்திருப்பான்.
பாடகி மேவ் டோர்லன்
கடலுக்கு முதுகைக் காட்டி மைக்கை உதறுவாள்.
அலைதடுப்புக் கற்கள்மேல் ஆயிரம் பேர்.
போதவில்லை என்று நினைத்தால் பத்தாயிரம்.
கூட்டம் சேர்ப்பது சுலபம்.
ஒருமுறை விரலைக்கூட வளர்த்துப் பார்த்தேன்.
தாளம் தப்பியது.
திரும்ப வெட்டிவிட்டேன்.

ஒரே ஒரு கேசட்தான் எல்லாம்.
கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கப்போன ஏசுபாதம்
ஒரு மாலுமியிடம்
இரண்டு கட்டு பீடிக்கு வாங்கியது.
பி பக்கத்துக் கடைசிப் பாட்டில்,
மூன்றாவது நிமிடம் தாண்டி எங்கோ,
மேவ் ஒரு சொல்லைத் தொடங்கும்போது
டேப் சிக்கிக்கொள்ளும்.
பென்சில் விட்டுச் சுற்றி, ஒட்டி, மறுபடி ஒட்டி,
அந்தச் சொல்லின் முதல் எழுத்துக்கு மேல்
நான் கேட்டதே இல்லை.

போனில் தேடினால் வருமே அண்ணே என்கிறான்
கிளீனர் கபில்.
வரும்.
தேடக் கூடாதென்று சொல்லிவைத்திருக்கிறேன்.
ஏன் என்று கேட்டான்.
டீ வாங்கி வா என்றேன்.

நேற்று ராத்திரி டோல்கேட்டுக்கு இந்தப் பக்கம்,
பதினோராவது மணி நேரக் காத்திருப்பில்,
வாடை இல்லை, வரிசை நகர்கிறது,
ஏறினேன்.
கடைசிப் பாட்டு வாசியுங்கள் என்றேன்.
வாசித்தார்கள்.
மூன்றாவது நிமிடம்.
சொல்லின் முதல் எழுத்து.
நின்றார்கள்.
ஹாப்பின் குச்சி அந்தரத்தில்.
மேவின் வாய் திறந்தபடி.
கூட்டத்தில் ஒருவர் இருமக்கூட இல்லை.

“மேல போங்க” என்றேன்.
மேவ் திரும்பி,
காசிமேட்டில் ஏலம் விடுகிறவள் குரலில் சொன்னாள்:
“நீ கேட்ட வரிக்கும்தான்பா நாங்க.
இதுக்கு மேல எங்கள இன்னா கேக்குற?”

அவர்களுக்கும் தெரியாது.
இத்தனை வருஷமாக என்னோடு சேர்ந்து
அவர்களும் அங்கேயே நின்றிருக்கிறார்கள்.

நான்காம் கம்பியில் கை போனது.
வீட்டிலிருக்கும் கிடாரில் அந்தக் கம்பி இல்லை,
அறுந்து நாலு வருஷம்.
தடித்த கம்பி, அடிவயிற்றில் பேசும்.
ஒரு தட்டு. இறங்கி இன்னொன்று.
அரை விரலால் அழுத்த முடியாத இடத்தில்
வழுக்கி ஒரு சுரம்.
ஹாப் குச்சியை இறக்கினான்,
என்னைப் பார்த்துக்கொண்டே,
புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனைப்போல.

மேவ் அந்தச் சொல்லை முடிக்கப்

பின்னாலிருந்து ஹாரன்.
ஒன்றல்ல, ஏழெட்டு.
கபில் தோளைப் பிடித்து உலுக்குகிறான்.
எழுந்துவிட்டேன், தெரிகிறது:
மூக்கில் மணலி, தொண்டைவரை.
ஆனால் முன்னால் பார்த்தால்
நாலு வண்டி அளவு இடைவெளி,
அதற்கும் முன்னால் சிவப்பு விளக்குகள்
ஒவ்வொன்றாய் விலகிப் போகின்றன.

வாடையும் இருக்கிறது.
வரிசையும் நகர்கிறது.

ஸ்டியரிங்மேல் நாலரை விரல்
விட்ட இடத்திலிருந்து தட்டிக்கொண்டிருக்க,
“கபிலு, ஒரு பாஸ் கம்பி இன்னா வெல இருக்கும்?”
என்றபடி
முதல் கியரைப் போட்டேன்.