தவமலர், நாளைக்கு வரும்போது

குட்செட்டில் இறங்கு.
த்ரீவீலில் ஏறுமுன் மீட்டரைப் பார்.
"பழுது" என்றால் அடுத்ததற்குப் போ,
சிரித்துக்கொண்டே போ.

பள்ளிக்கூடம் விடும் நேரம்
கண்டியில் பஸ்ஸைவிடக் கால் வேகம்.
கால் நோகும், அது வேறு.

வாவிக்கரை மரத்தடியில்
வெயிலடித்தாலும் குடையை விரி.
மேலே நீர்க்காகங்கள்.
இன்டர்வியூவுக்கென்று கடன் வாங்கிய வெள்ளைச் சட்டையோடு
நான் விரிக்காமல் போனேன்.
அந்த வேலை கிடைக்கவில்லை.
சட்டையும் திரும்பிப் போகவில்லை.

சிங்களம் வராதென்று கூசாதே.
பூ விற்பவளிடம் "வெவ" என்று சொல்,
கையை நீட்டுவாள்.
எனக்கும் அப்போது அந்த ஒரு சொல்தான்.

போன் செத்துப்போனால் பயப்படாதே:
தண்ணீரை இடக்கைப் பக்கம் வைத்து நட.
நான் வலக்கைப் பக்கம் வைத்து வருகிறேன்.
எப்படியும் முட்டிக்கொள்வோம்.