நான் சிரிப்பதில்லை என்று புகார்

வியாழன் ராத்திரி, காரைக்குடி செக்காலை ரோட்டில்
டைல்ஸ் கடை மாடி.
நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, பதினேழு பேர்.
அதில் நாலு பேர் பேச வந்தவர்கள்,
ஒருவர் வாட்ச்மேன்,
ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.
மைக் செட் என்னுடையது.
காலையில் கோட்டையூரில் ஒரு பதினாறாம் நாள் காரியம்,
ஓதுவார் இதே மைக்கில்தான் பாடினார்.
ஸ்பாஞ்சில் இன்னும் திருநீறு.

சிக்கந்தர்தான் முதலில் கேட்டான்,
நான் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது:
"ஆறு மாசமாப் பாக்குறேன்ணே,
ஒரு தடவை கூட நீங்க சிரிச்சதில்ல.
ஜோக்கு புரியலையா, புடிக்கலையா?"
தம்பி, நீ பேசும்போது நான் உன்னைக் கேட்பதில்லை.
உனக்குப் பின்னால் ஒரு 'ஙொய்' இருக்கிறது.
அது எப்போது கிளம்பும் என்று
காதைத் தீட்டிக்கொண்டே நிற்கிறேன்.
பாதிச் சத்தத்திலேயே குமிழைத் திருகிவிட வேண்டும்,
இல்லையென்றால் கூட்டம் காதைப் பொத்தும்.
அவன் அதைச் செல்போனில் குறித்துக்கொண்டான்.
அடுத்த வியாழன் மேடையில் சொன்னான்,
தன் பெண்டாட்டியைப் பற்றி.
நல்ல கைதட்டல்.
அவனுக்கு இன்னும் பெண் பார்க்கவே ஆரம்பிக்கவில்லை.

பள்ளத்தூர் வள்ளியப்பனுக்கு வேறு கவலை.
"எங்க வீட்டுக்கு அறுபத்திரண்டு பங்காளி.
ஒரு பல்பு மாத்தணும்னா வாட்ஸ்அப்ல ஓட்டெடுப்பு.
மலேசியா சரின்னுது, கனடா யோசிக்குது,
ஒருத்தர் சாமியாராப் போயிட்டாரு,
அவருக்கு இருட்டே போதுமாம்."
சென்னையில் உருண்டு சிரித்தார்களாம்.
இங்கே ஈயாடவில்லை.
முன்வரிசையில் மூன்று பேர் பங்காளிகள்.
ஒருவர் எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, நிதானமாகச் சொன்னார்:
"அந்தப் பல்புக்கு உன் பங்கு இன்னும் வரலை, வள்ளி."
கட்டடம் ஆடியது.
இறங்கி வந்த வள்ளியப்பன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று:
"அவரை அடுத்த வாரமும் வரச் சொல்லலாமா?"

தெய்வானை நகைக்கடன் வங்கியில் எடை பார்க்கிறவள்.
பேச வந்தால் சிரிக்கவே மாட்டாள்,
உரைகல்லைப் பார்ப்பது போலக் கூட்டத்தைப் பார்ப்பாள்.
"கல்யாணத்தப்ப வரிசைச் சாமான் ஒரு லாரி போச்சு.
பதினாலு மாசத்துல அதே லாரி, அதே டிரைவர், திரும்பி வந்துச்சு.
லிஸ்ட்டை வாசிச்சு வாசிச்சு டிக் அடிச்சாங்க.
எவர்சில்வர் தூக்கு நாப்பது, இருக்கு.
மங்குச் சாமான் முழு செட்டு, இருக்கு.
கரண்டி ரெண்டு டஜன், இருக்கு.
கடைசியா டிரைவர் என்னைக் காட்டிக் கேட்டாரு,
'இது லிஸ்ட்ல இல்லையே, இறக்கவா?'"

அன்றைக்கு 'ஙொய்' கிளம்பியது.
நான் கவனிக்கவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு வந்தாள்.
"குமிழைத் திருக மறந்துட்டீங்க."
ஆமாம்.
"என் கல்யாணத்துலயும் இப்படித்தான்.
தாலி கட்டுற நேரம் பாத்து ஒரு ஙொய்.
அத்தை ஒருத்தி சகுனம்னு சொல்லிச்சு.
எவன் செட்டோ தெரியல."
நான் பெட்டியை மூடினேன். திறந்தேன். மறுபடி மூடினேன்.
"என் செட்டுதாம்மா" என்றேன்.
வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்,
"மாப்பிள்ளை வீட்டுப் பாக்கி எண்ணூறு ரூபாய்
இன்னும் வரணும்" என்றேன்.

முதலில் பேசாமல் நின்றாள்.
பிறகு ஸ்பீக்கர் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூக்கு உறிஞ்சி,
"அது லிஸ்ட்லயே இல்லையே, லிஸ்ட்லயே இல்லையே" என்று
மூச்சு வாங்கச் சிரித்தாள்.
படியில் நின்ற சிக்கந்தர் செல்போனை எடுத்தான்.
"எழுதுனே, கைய ஒடிப்பேன்" என்றாள்.

கீழே டீக்கடையில் யாரோ விசிலடித்தார்கள்.
எதற்கென்று எட்டிப் பார்த்தேன்.
பாய்லர் பக்கம் ஏழெட்டுப் பேர்
தலையைத் தூக்கி மாடியையே பார்த்து நிற்கிறார்கள்.
வாசல் ஸ்பீக்கரை
நான் இன்னும் அணைக்கவில்லை.