பதினொன்றாம் எண் வீட்டுக்குச் சில இசைத்தட்டுகள்

கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடந்த பதினேழு நிமிடத்தில்
முன்னால் வண்டியில் இருந்தவர் திரும்பினீர்கள்,
ஹெல்மெட்டைக் கழற்றாமலே:
"ஜாஸ் ஜாஸ்னு பெனாத்துவீங்களே,
மொதல்ல இன்னா வாங்கணும்?"

ரெக்கார்ட் பிளேயர் வந்துவிட்டதாம், தவணையில்.
ஸ்டான்லியில் இரவுப் பணிக்குக் கிடைத்த படிக்காசு.
நிலக்கரிப் பெட்டிகளை எண்ணுவதை விட்டு
நான் வாய் திறந்தேன்,
கேட்டும் திறந்துவிட்டது.

மிச்சம் இதோ, ஜெபராணி சிஸ்டர்,
தண்ணீர் வரி நோட்டீஸின் பின்பக்கம்.

முதலில் மூன்று பேர்.
பியானோ, பாஸ், டிரம்ஸ். அதற்கு மேல் கூட்டம் வேண்டாம்.
பாஸ் உங்களுக்குக் கேட்காது.
பிரிட்ஜ் ஓடுவது போல அது,
நின்றால்தான் இருந்தது தெரியும்.

பிறகு ஒரு டிரம்பெட்.
உரக்க ஊதுகிறவர் எதற்கு,
கல்மண்டபம் பாண்டு செட் இருக்கையில்?
வாயை அடைத்துப் பாதி மூச்சில் ஊதுகிறவரைக் கேளுங்கள்.
அழுது முடித்து, மூக்கைச் சிந்தி,
"ஒண்ணுமில்ல" என்று சொல்லும் குரல்.
உங்கள் வார்டில் தினமும் கேட்டிருப்பீர்கள்.

சாக்ஸபோனுக்குப் பொறுமை வேண்டும்.
ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு ஓடும்.
காசிமேட்டில் விடியலுக்கு முன் ஏலம் பார்த்ததுண்டா?
வஞ்சிரம் ஒன்றுதான்.
விலை ஏற ஏற மீனை யாரும் பார்ப்பதில்லை,
கத்துகிறவன் வாயைத்தான் பார்ப்பார்கள்.
மெட்டு அதுபாட்டுக்குக் கூடையில் கிடக்கும்.
கடைசியில் எடுத்துக் காட்டுவார்கள்:
அதே மீன்,
அதே மீனா?

பாடகி ஒருத்தி கட்டாயம்.
சொற்கள் தீர்ந்த பிறகும் பாட்டை விடாதவளாக.

பதினாறு பேர் சேர்ந்து ஊதும் பழைய நடன இசை
ஞாயிற்றுக்கிழமைக்கு, துணி ஊறும்போது.

தட்டு நூற்றெண்பது கிராம், உயர்தரம் என்பார்கள்.
துறைமுக எடைமேடையில்
நாளுக்கு முந்நூறு லாரி நிறுக்கிறவன் சொல்கிறேன்,
கனத்துக்கும் சரக்குக்கும் சம்பந்தமில்லை.
அட்டையில் மழையும் காபிக் கோப்பையும் இருந்தால்
தொடாதீர்கள்.

இன்னொன்றும் வேண்டாம்.
பர்மா பஜாரில் கவுஸ் பாய் கடையில்
கறுப்பு அட்டை, பெயர்கூட இருக்காது.
நான்கு பேர், நான்கு திசை, ஒரே நேரத்தில்.
அண்ணன் போன வாரத்தில் வாங்கினேன்.
தெருமுனையில் சாவு மேளம் ஓய்ந்தபின்
இதைப் போட்டேன். பாதியில் எடுத்துவிட்டேன்.
இன்னொரு நாள் முழுதும் கேட்டேன்,
அதற்கும் பாதிதான் பரவாயில்லை.

இவ்வளவும் எழுதி உங்கள் கதவிடுக்கில் செருகினேன்.
எழுதாமல் விட்டது ஒன்று:
வாரியக் குடியிருப்பில்
உங்கள் பதினொன்றுக்கும் என் பன்னிரண்டுக்கும்
சுவர் ஒன்றே, அதுவும் அரைச் செங்கல்.
உங்களுக்கு எது பிடிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?
எனக்குத் தாங்கக்கூடியதாகப் பார்த்துத்தான்
பட்டியல் போட்டேன்.

வியாழன் காலை எட்டரை.
நீங்கள் பணி முடிந்து வந்த செருப்புச் சத்தம்,
குழாய்ச் சத்தம்,
பிறகு சுவருக்குள்ளிருந்து
அந்த நான்கு பேர்.

பல் தேய்க்கிற பிரஷ் வாயிலேயே நிற்க,
கதவைத் தட்டலாமா என்று யோசித்தேன்.
இரவு வார்டில் யார் போனார்களோ,
நீங்கள் நிறுத்தவில்லை.
ஒன்பதாவது நிமிடம் வாக்கில்
நால்வரும் ஒன்றாக நிறுத்தி
மூச்சு வாங்கினார்கள்.
கேட்கும்படியாக, ஒரே மூச்சு.

என் தட்டில் அந்த இடத்தில் கீறல்.
ஊசி தாண்டிப் போய்விடும்.
ஆறு வருஷமாக அவர்கள் மூச்சே விடாமல்
சண்டை போடுவதாக நினைத்திருந்தேன்.

சிஸ்டர்,
மறுபடி போட்டீர்கள்.
நான் வாய் கொப்பளிக்காமல் நின்றேன்.
லாரிகள் காத்திருக்கட்டும்.