ஞாயிற்றுக்கிழமை முள்

கே.ஆர்.பி. அணையில் மீன் வறுக்கிற ஞாயிறுகளில்
ஆறு மணிக்கு மேல் யாராவது வருவார்கள்,
கழுத்தை ஒரு கையால் பிடித்தபடி.

கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனை,
காது மூக்கு தொண்டை, அறை பதினேழு.
இன்று மாதம்மாள், வயது முப்பத்திநான்கு.
பேசுகிறவர் கணவர் சென்றாயன்:
"ஜிலேபி மீன் டாக்டர். பார்த்துத் தின்னுன்னேன்.
சோத்தை உருட்டி முழுங்கச் சொன்னேன்,
ரெண்டு பூவன்பழம் கொடுத்தேன்,
அப்பவும் இறங்கலை."

இறங்காது.
சோற்று உருண்டை முள்ளைத் தள்ளாது,
ஆணியாய் அறையும்.
நூறு பேரிடம் சொல்லியாயிற்று,
நூற்றியொன்றாவது ஆள் பழத்தோடுதான் வருகிறார்.

"எங்கே குத்துது?"
"இடது பக்கம் டாக்டர்," என்கிறார் அவர்.
"அவங்க காட்டட்டும்."

ஒற்றை விரல். தாடைக்குக் கீழே.
கையைப் பரப்பிக் கழுத்தெல்லாம் தடவுகிறவர்களுக்குப்
பெரும்பாலும் கீறல் மட்டும்தான் மிச்சம்,
முள் எப்போதோ வயிற்றுக்குப் போயிருக்கும்.
அசையாமல் நிற்கிற விரலை நான் நம்புவேன்.

எக்ஸ்ரே எடுக்கலையா என்கிறார்.
காசு என்றால் படத்தில் வட்டமாய் வந்து நிற்கும்.
இந்த மாதிரி முள் பல நேரம் படத்துக்குச் சிக்காது.
கண்ணால்தான் தேட வேண்டும்.

நெற்றி விளக்கு. கசக்கிற மருந்து இரண்டு தெளிப்பு.
துணி சுற்றி நாக்கைப் பிடிக்கிறேன்.
"ஓடி வந்தவங்க மாதிரி வாயால மூச்சு விடுங்க."
ஒரு வெள்ளைக் கோடு!
இடுக்கி பட்டதும் அறுந்தது,
எச்சில் நூல்.

குமட்டல். கண்ணீர்.
என் மணிக்கட்டில் அவள் நகம்.
தில்ஷாத் சிஸ்டர் பின்னந்தலையைத் தாங்கிக்கொண்டார்.
"ஆ சொல்லுங்க."
"ஆ..."
"இன்னும்."
மூன்றாவது ஆ-வில் இடது டான்சில் முன்னே வந்தது.
அதன் கீழ் மடிப்பில்,
நாற்றங்காலில் முதல் முளை மாதிரி,
நுனி.

வந்த வழியிலேயே இழுக்க வேண்டும், திருகக் கூடாது.
வந்துவிட்டது.

பஞ்சுத்துணியில் ஒன்றரை சென்டிமீட்டர்.
இவ்வளவுதானா என்று எல்லோரும் கேட்பார்கள்.
சென்றாயன் கேட்டார்,
போனில் படமும் எடுத்தார்.

மாதம்மாள் கொப்பளித்துத் துப்பினாள்.
சந்தேகத்தோடு ஒருமுறை விழுங்கிப் பார்த்தாள்.
பிறகு என்னிடம்,
என்னிடம் மட்டும்:
"எனக்கு மீன்னாலே பிடிக்காதுங்க."

போன் கீழே இறங்கியது.
"பதினாலு வருசமா தின்னுக்கிட்டுத்தானே இருக்கே?"
அவள் இன்னொரு முறை விழுங்கிப் பார்த்தாள்.
சிஸ்டர் ட்ரேயைக் கழுவப் போனார்,
தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினார்.

இரண்டு நாள் காரம் வேண்டாம் என்று எழுதினேன்.
"அப்ப ராத்திரிக்கு என்ன கொடுக்கலாம் டாக்டர்?"
"அவங்களைக் கேளுங்க."

கேட்டார்,
புது ஊரில் வழி கேட்கிற குரலில்.
அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

வெளியே பெஞ்சில் அடுத்த ஆள்,
ஐந்து ரூபாயை விழுங்கிய பர்கூர்ப் பிள்ளை.
கட்டிடமே அதிர அழுகிறது.
நல்லது.
சத்தமில்லாமல் தூக்கி வரப்படுகிற பிள்ளைகளுக்குத்தான்
நான் எழுந்து ஓடுவேன்.