மயிரிழையில்

பாசிர் ரிஸ் கடையிலிருந்து
ஈரச் செய்தித்தாளில் சுற்றிப்
பதினெட்டுக் கிலோ பாறை வந்தது, கிராப் காரில்.
ஓட்டுநர் நான்கு கண்ணாடிகளையும் இறக்கினார்,
ஒன்றும் கேட்கவில்லை.
அன்றிரவு பதினோராம் மாடி முழுக்க
வற்றிய கடலின் வாடை.

லைவ் ராக் என்கிறார்கள்.
கல் செத்ததுதான். எப்போதோ பவளம்.
உயிர் என்பது அதில் குடியிருப்பவர்கள்:
ஊதாப் பூச்சு, முள்புழு,
பேர் தெரியாத ஏதோ ஒன்றின் இரண்டு மீசை.
நம் புளோக்கும் அப்படித்தானே என்றேன்.
இருதயராஜ் சிரிக்கவில்லை.
புழுவின் முள் விரலில் ஏறியிருந்தது.

முதலில் மணலைக் கொட்டினான்.
கழுவிக் கழுவித்
தண்ணீர்க் கட்டணம் ஏறிய வெள்ளை மணல்.
அதன்மேல் கல், கல்லின்மேல் கல்,
பின்கண்ணாடியில் சாய்த்து ஒரு கோபுரம்.
அழகாக இருந்தது.
அழகாக நிற்பதை நான் நம்புவதில்லை.
பகலில் எனக்குத் தெங்காவில் வேலை,
சாரம் கட்டுகிற இடத்தில்,
மஞ்சள் சட்டை, விசில், படிவங்கள்.
"எது எதன்மேல் நிற்குது?"
"கல் மணல்மேல."
"மணல்?"
அதற்கு அவனிடம் பதில் இல்லை,
எனக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது.

நாற்றம் அடங்க ஐந்து வாரம்.
பிறகு ஒரு ஜோடி வாங்கினான்:
ஓர் உளுவை, ஒரு சொடுக்கு இறால்.
இறாலுக்குப் பார்வை மட்டம்.
ஒரு மீசையை மீனின் உடம்பில் வைத்தபடியே
இரவெல்லாம் தோண்டும்,
பொடிப்பொடியாக வாசலுக்கு வெளியே தள்ளும்.
அனுமதிச் சீட்டு கிடையாது.
மேற்பார்வைக்கு ஒரு மீன்.

செவ்வாய் விடியல் மூன்றேகாலுக்கு
டக்.
அவ்வளவுதான் சத்தம்.
விளக்கைப் போட்டால்
மேல்கல் இறங்கி வந்து
முன்கண்ணாடியில் நெற்றி முட்டி நிற்கிறது.
உள்பக்கம் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு.
இருநூற்றுப் பத்து லிட்டர் உப்புநீர்
அந்தக் கோட்டைத் தாண்டி வரவில்லை.
கீழ்வீட்டுத் திருவாட்டி லிம்
எதுவும் தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தார்.

வேலையில் இதற்கொரு படிவம் உண்டு.
யாருக்கும் ஒன்றும் ஆகாதபோது நிரப்புவது.
போன மாதம்கூட நிரப்பினேன்:
நாலாம் தட்டிலிருந்து ஓர் இரும்புக் கவ்வி,
முத்துக்கருப்பனின் காலணிக்கு ஒரு சாண் தள்ளி.
அவர் குனிந்து எடுத்து
என்னிடம் நீட்டினார்,
நான் தவறவிட்ட பொருளைப் போல.
காயம்: இல்லை.
சேதம்: இல்லை.
காரணம் என்ற கட்டத்தில்
வெகுநேரம் பேனா நின்றது.

சனிக்கிழமை எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம்.
மீனுக்கும் இறாலுக்கும் ஒரு வாளி,
கல்லுக்கு மூன்று, கடல்நீரோடு.
அடியில் பிளாஸ்டிக் வலைத்தட்டு.
அதன்மேல் கல். கல்லுக்குப் பிறகே மணல்.
பெரியது கீழே, அகலப் பக்கம் கீழே,
ஒவ்வொன்றும் மூன்று இடத்தில் ஊன்ற வேண்டும்;
இரண்டில் நிற்கும் கல்
நிற்கவில்லை, யோசிக்கிறது.
கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவே
துடைப்பான் போய்வர நாலு விரல்.
வளைவின் இடுக்கில் பிசைந்த எபாக்சி.
இறுகியதும் கைவிட்டு உலுக்கினேன்,
தோள்வரை நனைந்து,
யார்மேல் என்று தெரியாத கோபத்தோடு.
அசையவில்லை.
"அசிங்கமா இருக்கு," என்றான் இருதயராஜ்.
இருந்தது.

இறால் இன்னும் தோண்டுகிறது.
ஒரே வாரத்தில் அடித்தட்டைத் தொட்டு,
தட்டிப் பார்த்து,
பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது.
படுத்தால் கேட்கும்: ஒரு சொடுக்கு,
சற்று நேரம் ஒன்றுமில்லை,
இன்னொரு சொடுக்கு.

எழுந்து போய் இருட்டில்
கண்ணாடியில் விரல் ஓட்டுகிறேன்.
கீறல் உள்பக்கம்.
வெளியிலிருந்து தட்டுப்படாது,
தெரியும்.