லோடு சாயுது

டயர் ரீட்ரெடிங் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ்,
ஈரோட்டில், பெருந்துறை ரோட்டில்.
ரப்பர் வேகும் வாசம் படியேறி வரும் மத்தியானங்களில்
ஏழு மாதமாக நான்
ஒரு லாரிக்குத் துரு ஏற்றிக்கொண்டிருந்தேன்.

எல்லாத் துருவும் ஒரே துரு இல்லை.
கதவுக் கீலில் இருப்பது ஒரு நிறம்.
பம்பரில் கட்டிய எலுமிச்சம்பழம்
சாறு சொட்டித் தின்ற இடம் வேறு நிறம்.
தார்ப்பாயின் ஓட்டைகளை எண்ணி வைத்தேன்.
திம்பத்துக்கு நாலு தடவை போய்
மூங்கிலுக்குள் பனி எப்படி நுழைகிறதென்று
கேமராவோடு நின்றேன்,
ஒரு காது யானைக்கு.

விளையாட்டுதான் வரவில்லை.
ஸ்டியரிங்கைத் திருப்பினால்
கல்யாணத்தில் கோபித்துக்கொண்ட மாமனார் மாதிரி
யோசித்து யோசித்துத் திரும்பியது வண்டி.
பார்த்தவர்கள் எல்லாரும்
"அப்படியே போட்டோங்க!" என்றார்கள்.
சொல்லிவிட்டு எழுந்துகொண்டார்கள்.

அதே அறையில், ஏசி எட்டாத மூலையில்
தாரணி வேறொன்று செய்திருந்தாள்.
சாம்பலில் ஒரு சதுரம். அது லாரியாம்.
கறுப்பில் ஒரு கோடு. இருபத்தேழு வளைவாம்.
சதுரத்தின் மேல் குவித்த சிவப்புப் புள்ளிகள்
தாளவாடித் தக்காளி.
வேகமாக ஒடித்தால் உருண்டுவிடும்.
மெதுவாகப் போனால் சந்தை முடிந்துவிடும்.
அவ்வளவுதான்.
"சக்கரமாச்சும் போட்டிருக்கலாமில்ல?"
"அதான் ஓடுதுல்லங்ண்ணா."

ஒரு செவ்வாய்க்கிழமை, இன்ஜின் சத்தம் பதிவதற்காக
சங்ககிரியிலிருந்து கொழந்தவேலு வந்தார்,
பத்து டயர் வண்டியைக் கீழே ஓரங்கட்டிவிட்டு.
என் லாரியைக் காட்டினேன்.
எலுமிச்சை தின்ற துருவைப் பெரிதாக்கிக் காட்டினேன்.
"பெயின்ட்டு நல்லா இருக்குதுங்க" என்று
போனை எடுத்து மணி பார்த்தார்.

பாத்ரூம் போகிற வழியில்
தாரணியின் திரை அவரை மறித்தது.
சும்மா ஒரு தடவை, என்று உட்கார்ந்தார்.

ஐந்தாவது வளைவில் தோள் சாய்ந்தது.
ஒன்பதில் நாற்காலியே சாய்ந்தது.
பதினொன்றில், மேசைக்கு அடியில்
இல்லாத பிரேக்கை வலது கால் மிதித்தது.
"லோடு சாயுது, லோடு சாயுது" என்று
இல்லாத கிளீனரிடம் சொன்னார்.
புள்ளி ஒன்று கோட்டைத் தாண்டி உருண்டபோது
அவர் வைத வசவுக்கு
டயர் கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு
மேலே எட்டிப் பார்த்தார்.

டீ ஆறியது. இன்னொரு டீயும்.
பாத்ரூமுக்கு அவர் போகவே இல்லை.
லோடு ஏற்றச் சொல்லி போன் வந்ததற்கு
"டிராபிக்குல நிக்கறனுங்க" என்றார்,
கண்ணை எடுக்காமல்.

சத்தம் பதிய நாங்களும் மறந்துபோனோம்.

நான் அன்றைக்கு ஒன்றும் திருந்தவில்லை.
எல்லாரும் கிளம்பிய பிறகு
அந்தச் சதுரத்தைத் திறந்தேன்,
குறை கண்டுபிடிக்கத்தான்.
நிழல் இல்லை. வானம் இல்லை.
மலை இருக்கிறது என்பதற்கே அத்தாட்சி இல்லை.
பத்தொன்பதில் ஏழு தக்காளி போயிற்று.
மறுபடி.
இருபத்திரண்டில் மொத்த லோடும்.
மறுபடி.

முதுகுக்குப் பின்னால் என் கம்ப்யூட்டர்
பனியின் ஒரே ஒரு ஃபிரேமை வரைய முடியாமல்
விசிறி அலற
அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றிருந்தது.
மணி மூன்று.
இருபத்தாறைத் தாண்டியிருந்தேன்.
மூன்று தக்காளி மிச்சம்.
என் நாற்காலி
இடது பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது.