நாலாவது கட்டம்

அணையில் நாற்பத்தொரு அடி.
தண்ணி பின்வாங்கின சேற்றில்
டணாயக்கன் கோட்டைக் கல்தூண் தலைநீட்டி நிற்கிறது.
அதைச் சுற்றி முளைத்த புல்லுக்குப்
பொழுதாட இறங்கி வருமென்று
மூணு மணிக்கே எங்கள் ரெண்டு பேரையும்
புளியமரத்தடியில் விட்டுப் போனது ஜீப்பு.

எனக்கொரு படிவம், ஜடையனுக்கொரு டார்ச்சு.
கட்டங்கள்: கொம்பன். பெண். குட்டி.
நாலாவதாக, ஒல்லியாக, மக்னா.

காலையில் முகாமில் டாக்டரம்மா
போனில் ஒரு படம் காட்டினாங்க.
ஆப்பிரிக்காவில் ஏதோ ஏரிக்கரைக் காடு.
மயக்க ஊசி போட்டுக்
கண்ணைத் துணியால் கட்டிக்
காண்டாமிருகத்தின் கொம்பை
ரம்பத்தால் அறுக்கிறார்கள்.
"காப்பாத்தத்தான்" என்றார்.
மறுபடி வளருமாம். மறுபடி அறுப்பார்களாம்.
நம்ம நகம் எதுவோ
அதேதானாம் அந்தக் கொம்பும்.

ஜடையன் அப்போதிலிருந்து வாய் திறக்கவில்லை.
முந்தி அவன் யாருக்கு வழிகாட்டக் காட்டுக்குள் போனான் என்பது
ஊருக்குத் தெரியும், ரேஞ்சருக்கும் தெரியும்.
அதனால்தான் வேலை கொடுத்தார்.
மூணு மாசச் சம்பளம் என்னாச்சு என்று
இன்றைக்கு அவன் கேட்கவுமில்லை.
கட்டைவிரல் நகத்தைக் கடித்துக் கடித்துத்
துப்பிக்கொண்டிருந்தான்.

ஆறு பத்துக்கு மாயாற்றுப் பக்கமிருந்து வந்தன.
பெண் ஏழு. குட்டி மூணு.
ஒன்று மாசியில் பிறந்ததாக இருக்கும்,
சேற்றில் வழுக்கி
அப்படியே உட்கார்ந்துகொண்டது.
கொம்பன் கட்டம் காலி.

வெகுநேரம் கழித்துத் தனியாக
இன்னொரு உருவம்.
ஜடையன் டார்ச்சைப் போடவில்லை.
வாயோரம் வெள்ளை எதுவும் தெரியவில்லை.

"கொம்பு இல்லீங்க" என்றான்.
"இவனுக்கு ஆரும் ரம்பம் கொண்டார வேண்டியதில்ல.
பொறக்கறப்பவே அறுத்துட்டு வந்துட்டான்."

சொல்லிவிட்டுச் சிரித்தான்.
பிறகு,
எண்ணிக்கை சொல்கிற அதே குரலில்:
"இவனோட இன்னொருத்தன் சுத்துவானுங்க.
அவங் கொம்பு மண்ணைத் தொடும்."

நான் எதுவும் கேட்கவில்லை.
போனதுகளுக்குப் படிவத்தில் கட்டமில்லை.
நாலாவதில் ஒரு கோடு போட்டேன்,
தாள் ஈரம், பேனா பிடிக்கவில்லை.
அழுத்திப் போட்டேன்.

தண்ணிக்குள் மக்னா இறங்கும் சத்தம்.
அணை விளக்குகள் எதிரில்
ஒவ்வொன்றாய் நெளிந்து
நேராக வெகுநேரமாயிற்று.
எட்டு மணி ஜீப்பு
ஒம்பதாகியும் வரக்காணோம்.
ஜடையன் கையை மடியில் வைத்திருந்தான்,
கடிக்க நகமில்லை.